யாரை வென்றார், யாரை ஒதுக்கினார்?

உலகத்தின் தலைசிறந்த ஹெவிவெயிட் குத்துச்சண்டை வீரர் யார்? இந்தக் கேள்வியைப் போட்டுக்கொண்டு ஒன்று, இரண்டு, மூன்று என்று இலக்கமிட்டுப் பட்டியல் தயாரிப்பது ஒரு தொழிலாகவே வளர்ந்துவிட்டது. நூறு வருஷத்துக்கு முன் சண்டை போட்டவரையும் நேற்றுச் சண்டை போட்டவரையும் ஒரே தராசில் ஏற்றுகிறார்கள். தட்டு இந்தப் பக்கம் சாய்ந்தது, அந்தப் பக்கம் சாய்ந்தது என்று தீர்ப்புச் சொல்கிறார்கள். தராசு சரியானதுதானா, படிக்கல் முத்திரை போட்ட கல்தானா என்று மட்டும் கேட்பதில்லை. நாம் கேட்கிறோம்.

பஞ்சப்படியும் குத்தகை பாக்கியும் பேச வேண்டிய இடத்தில் குத்துச்சண்டை எதற்கு என்று சில தோழர்கள் முகம் சுளிக்கலாம். வடசென்னைப் பக்கம் போய்ப் பாருங்கள். குத்துச்சண்டை அங்கே உழைக்கும் ஜனங்களின் சொந்த விளையாட்டு. 1980-ல் முகமது அலி சென்னைக்கு வந்து நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி ஆடினார். அந்தப் பேச்சு அந்தத் தெருக்களில் இன்னும் ஓயவில்லை. அது மட்டுமல்ல. ஒரு மனிதனின் உழைப்பை எப்படி அளப்பது, அளவுகோல் யார் கையில் இருக்கிறது என்பது நமக்குச் சம்பந்தமில்லாத கேள்வியா?

முதலில் அவர்களுடைய பெரிய ஆயுதத்தை எடுத்துக்கொள்வோம். அதன் பெயர் சைபர். ராக்கி மார்சியானோ 49 சண்டை போட்டார், 49-லும் ஜெயித்தார், அதில் 43 நாக்-அவுட். தோல்வி சைபர். ஆகவே அவரே தலைசிறந்தவர், மேற்கொண்டு பேச்சு வேண்டாம் என்கிறார்கள்.

மார்சியானோ மீது நமக்கு எந்தக் கோபமும் இல்லை. அமெரிக்காவில் பிராக்டன் என்ற ஊரில் செருப்புத் தொழிற்சாலைத் தொழிலாளியின் மகனாகப் பிறந்தவர் அவர். 1952-ல் ஜெர்சி ஜோ வால்காட்டுடன் நடந்த பட்டப் போட்டியில் முதல் ரவுண்டிலேயே கீழே விழுந்தார். நடுவர்கள் மூன்று பேரின் கணக்கிலும் பின்தங்கிக் கிடந்தார். 13-வது ரவுண்டில் ஒரே வலது குத்தில் சண்டையை முடித்தார். அந்த நெஞ்சுரத்தை யார் குறை சொல்ல முடியும்?

ஆனால் கணக்கு என்றால் முழுக் கணக்காக இருக்க வேண்டாமா? அந்த வால்காட்டுக்கு அப்போது வயது 38. முந்தைய வருஷம் மார்சியானோ வீழ்த்திய ஜோ லூயிஸுக்கு 37. வரி பாக்கிக்காக ஓய்விலிருந்து திரும்பி வந்த மனிதர். 1955-ல் கடைசிச் சண்டையில் எதிரே நின்ற ஆர்ச்சி மூருக்கும் நாற்பதை நெருங்கிய வயது. அந்த மூரும் இரண்டாவது ரவுண்டில் மார்சியானோவைக் கீழே தள்ளிவிட்டுத்தான் தோற்றார். இது மார்சியானோவின் குற்றம் அல்ல. காலம் யாரை எதிரே கொண்டுவந்து நிறுத்தியதோ அவரோடு மோதினார். ஒருவரையும் கண்டு ஓடவில்லை. நாம் சொல்வது இதுதான்: சைபர் என்பது ஒரு மனிதனின் பலத்தை மட்டும் காட்டும் எண் அல்ல. எதிரே நின்றவர் யார், எந்த வயதில் நின்றார், யாரை எதிரே நிற்கவே விடவில்லை என்பதெல்லாம் அந்தச் சைபருக்குள் ஒளிந்திருக்கிறது.

லாரி ஹோம்ஸ் என்று ஒருவர். 48 சண்டை, 48 வெற்றி. 1985 செப்டம்பரில் 49-வது சண்டையில் மைக்கேல் ஸ்பிங்க்ஸிடம் புள்ளிக் கணக்கில் தோற்றார். அன்றைக்கு ஹோம்ஸுக்கு வயது 35. அவர் அதற்கு முந்தைய மாதம் கையுறையைக் கழற்றி ஆணியில் மாட்டியிருந்தால் அவருக்கும் சைபர்தான். மறுமாதம் மாட்டவில்லை என்பதற்காக அந்த 48 சண்டையும் சிறுத்துவிட்டனவா?

இனி, எதிரே நிற்கவே விடாத கதைக்கு வருவோம். பட்டியல்காரர்கள் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் இடம் இதுதான்.

1891-ல் சான்பிரான்சிஸ்கோவில் ஜேம்ஸ் கார்பெட் என்ற வெள்ளையரும் பீட்டர் ஜாக்சன் என்ற கறுப்பரும் மோதினார்கள். 61 ரவுண்டு! இருவராலும் முடியாமல், வெற்றி தோல்வியில்லை என்று சண்டையை நிறுத்தினார்கள். ஆக இருவரும் சமம். அடுத்து நடந்தது என்ன? 1892-ல் சாம்பியன் ஜான் சல்லிவனுடன் மோதும் வாய்ப்புக் கார்பெட்டுக்குக் கிடைத்தது. 21-வது ரவுண்டில் சல்லிவனைச் சாய்த்துப் பட்டத்தைக் கொண்டுபோனார். ஜாக்சனுக்கு? கறுப்பரோடு மோதுவதில்லை என்று சல்லிவன் முன்பே அறிவித்திருந்தார். கார்பெட்டும் பட்டம் வந்த பிறகு ஜாக்சனுக்குப் பட்டப் போட்டி தரவில்லை. ஜாக்சன் ஓய்ந்து, உடல் தளர்ந்த பிறகு 1898-ல் ஜேம்ஸ் ஜெஃப்ரிஸ் என்ற வளரும் இளைஞர் முன் நிறுத்தப்பட்டு மூன்றே ரவுண்டில் வீழ்ந்தார். 1901-ல் காசநோயால் இறந்துபோனார். இன்று பட்டியல்களில் சல்லிவன் இருக்கிறார், கார்பெட் இருக்கிறார், ஜெஃப்ரிஸ் இருக்கிறார். 61 ரவுண்டு நின்ற ஜாக்சனை எத்தனை பட்டியலில் பார்த்தீர்கள்?

அறுவடைக்கு வந்தவர்களில் பாதிப் பேரை வரப்பிலேயே நிறுத்திவிட்டு, களத்தில் இறங்கிய மீதிப் பேரில் ஒருவனைக் காட்டி, 'ஊரிலேயே வேகமாக அறுக்கிறவன் இவன்தான்' என்று பண்ணையார் சொன்னால் நம் ஜனங்கள் சிரிக்க மாட்டார்களா? ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை! அதுவும் இங்கே ஆலை இல்லாமல் இல்லை. ஆலையைப் பூட்டிவிட்டு இலுப்பைப்பூ விற்றார்கள்.

அந்தப் பூட்டை உடைத்தவர் ஜாக் ஜான்சன். சாம்பியன் டாமி பர்ன்ஸை இங்கிலாந்து வரைக்கும் ஆஸ்திரேலியா வரைக்கும் துரத்திக்கொண்டு போனார். கடைசியில் 1908 டிசம்பர் 26-ல் சிட்னியில் பர்ன்ஸ் மோதச் சம்மதித்தார். எதற்குச் சம்மதித்தார்? 30,000 டாலருக்கு. ஜான்சனுக்கு 5,000. கூலி வித்தியாசத்தைக் கவனியுங்கள் தோழர்களே! 14-வது ரவுண்டில் போலீஸ் உள்ளே புகுந்து சண்டையை நிறுத்தவேண்டியதாயிற்று. அவ்வளவு அடி வாங்கினார் பர்ன்ஸ்.

ஒரு கறுப்பர் உலகச் சாம்பியன்! வெள்ளை வெறியர்களுக்குத் தூக்கம் போயிற்று. சாம்பியனாக இருந்தவரை கறுப்பருக்கு இடம் தராமல் 1905-ல் தோல்வியின்றி ஓய்வு பெற்று, கொழுத்துப் போய்ப் பண்ணையில் உட்கார்ந்திருந்த ஜெஃப்ரிஸைக் கிளப்பிக்கொண்டு வந்தார்கள். 1910 ஜூலை 4, ரீனோ நகரம். 15-வது ரவுண்டில் ஜெஃப்ரிஸ் தரையில் கிடந்தார். செய்தி தந்தியில் பறந்த அன்றிரவே அமெரிக்காவின் பல நகரங்களில் வெள்ளைக் கும்பல்கள் கறுப்பர்கள் மேல் பாய்ந்தன, உயிர்கள் போயின. வளையத்துக்குள் தோற்றதை வளையத்துக்கு வெளியே தீர்த்துக்கொண்டார்கள். சண்டைப் படங்களை மாகாணம் விட்டு மாகாணம் கொண்டுபோகக் கூடாது என்று 1912-ல் ஒரு சட்டமே போட்டார்கள். 1913-ல் ஜான்சன் மேல், வெள்ளைப் பெண்ணுடன் மாகாணம் கடந்து பிரயாணம் செய்ததை வைத்து வழக்கு ஜோடித்துத் தண்டனை வாங்கிக் கொடுத்தார்கள். அவர் தேசத்தை விட்டு ஓடினார். 1915-ல் ஹவானாவில் ஜெஸ் வில்லர்டிடம் 26-வது ரவுண்டில் பட்டத்தை இழந்தார். 1920-ல் திரும்பி வந்து சிறை சென்றார். 'அந்தத் தண்டனைக்கு மன்னிப்பு' என்று அமெரிக்க ஜனாதிபதி கையெழுத்துப் போட்டது எப்போது தெரியுமா? 2018-ல். ஜான்சன் செத்து 72 வருஷம் கழித்து!

ஜான்சனைப் பற்றி இன்னொரு உண்மையும் சொல்ல வேண்டும். நமக்கு வேண்டியவர் என்பதற்காக அதை மறைத்தால் நாமும் பட்டியல்காரர்களும் ஒன்றே. பட்டத்துக்கு வருவதற்கு முன் ஜான்சன் ஜோ ஜெனட், சாம் மக்வே, சாம் லாங்க்போர்டு என்ற கறுப்பு வீரர்கள் எல்லோரோடும் மோதியவர். பட்டம் வந்த பிறகு அந்த மூவருக்கும் கதவைச் சாத்திவிட்டார். ஏழு வருஷத்தில் ஒரே ஒரு கறுப்பருக்குப் பட்டப் போட்டி கொடுத்தார். அதுவும் அந்த மூவரில் ஒருவருக்கு அல்ல. வெள்ளை எதிரியோடு மோதினால்தான் வசூல் என்பது ஏற்பாட்டாளர்களின் கணக்கு. அந்தக் கணக்குக்கு ஜான்சனும் உட்பட்டார். உண்மையான எதிரிகளைத் தள்ளி வைத்தார்.

அந்த மூவரும் என்ன செய்தார்கள்? வெள்ளையர் மோத மாட்டார். கறுப்புச் சாம்பியனும் மோத மாட்டார். வயிறு மட்டும் விடாது. ஆகவே ஒருவரோடு ஒருவர் திரும்பத் திரும்ப மோதிக்கொண்டார்கள். 1909-ல் பாரிஸில் ஜெனட்டும் மக்வேயும் 49 ரவுண்டு அடித்துக்கொண்டார்கள். ஜெனட் எத்தனையோ முறை விழுந்து எழுந்தார். 49-வது ரவுண்டின் முடிவில் மக்வேயால் நாற்காலியை விட்டு எழுந்திருக்க முடியவில்லை. லாங்க்போர்டு சுமார் ஐந்தடி ஏழங்குலம்தான். லைட்வெயிட்டில் ஆரம்பித்து ஹெவிவெயிட் வரைக்கும் எல்லா எடையிலும் மோதினார். ஹாரி வில்ஸ் என்ற இன்னொரு கறுப்பு வீரரோடு மட்டும் பதினைந்து தடவைக்கு மேல் மோதினார். ஒருமுறைகூட ஹெவிவெயிட் உலகப் பட்டப் போட்டி அவருக்குக் கொடுக்கப்படவில்லை. கண் பார்வை மங்கிய பிறகும் சண்டை போட்டார். 1944-ல் ஒரு பத்திரிகை நிருபர் தேடிப்போனபோது, நியூயார்க் ஹார்லெம் பகுதியில் ஒரு அறையில் கண் தெரியாமல், காசில்லாமல் உட்கார்ந்திருந்தார். செய்தி வந்த பிறகுதான் ஊர் கூடி நிதி திரட்டிக் கொடுத்தது.

1915-லிருந்து 1937 வரை, 22 வருஷம், ஒரு கறுப்பருக்குக்கூட ஹெவிவெயிட் பட்டப் போட்டி இல்லை. அந்த 22 வருஷத்தின் நடுநாயகர்தான் ஜாக் டெம்ப்சி. பட்டியல்களில் இவருக்கு எப்போதும் முதல் பந்தி. 1919-ல் டோலிடோவில் தன்னைவிட ஏறக்குறைய 60 ராத்தல் கனத்த வில்லர்டை முதல் ரவுண்டிலேயே ஏழு முறை கீழே போட்டார் என்பது வாஸ்தவம். விழுந்தவன் எழும்போதே தலைமாட்டில் நின்று மறுபடி அடிக்க அன்றைய நடைமுறை இடம் கொடுத்தது என்பதும் வாஸ்தவம். தகுதியான எதிராளி என்று ஊரே சொன்ன ஹாரி வில்ஸோடு அவர் கடைசிவரை மோதவில்லை என்பதும் வாஸ்தவம். ஒப்பந்தம்கூட எழுதினார்கள், சண்டை நடக்கவில்லை. டெம்ப்சி தனிப்பட்ட முறையில் பயந்தவர் அல்ல என்று வாதாடுகிறார்கள், இருக்கட்டும். ஏற்பாட்டாளர் தடுத்தார், சர்க்கார் தடுத்தது என்கிறார்கள், அதுவும் இருக்கட்டும். நடக்காத சண்டையை நடந்ததாகக் கணக்கில் எழுத முடியுமா?

1937-ல் ஜோ லூயிஸுக்கு வழி திறந்ததே, அதுவும் தர்மத்துக்குத் திறக்கவில்லை. பட்டத்தை வைத்திருந்த பிராடக்கின் தரப்பு, அடுத்த பத்து வருஷத்துப் பட்டப் போட்டி லாபத்தில் நூற்றுக்குப் பத்து தங்களுக்கு என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் சம்மதித்தது. நிலத்தில் கால் வைக்காமலே வாரம் வாங்குகிற வித்தை இங்கே மட்டும்தான் உண்டு என்று நினைத்தீர்களா? லூயிஸ் அந்தப் பட்டத்தை 12 வருஷம் வைத்திருந்தார். 25 முறை காத்தார். 1936-ல் தன்னை வீழ்த்திய ஜெர்மானியர் ஷ்மெலிங்கை, 1938 ஜூனில், ஹிட்லர் கொக்கரித்துக்கொண்டிருந்த காலத்தில், 124 விநாடியில் முடித்தார். யுத்த காலத்தில் இரண்டு போட்டிகளின் தமது பங்குப் பணத்தைக் கடற்படை நிவாரண நிதிக்கும் தரைப்படை நிவாரண நிதிக்கும் கொடுத்தார், பட்டாளத்திலும் சேர்ந்தார். யுத்தம் முடிந்ததும் அதே சர்க்காரின் வரி இலாகா லட்சக்கணக்கான டாலர் பாக்கி என்று கழுத்தைப் பிடித்தது. அதனால்தான் 37 வயதில் மார்சியானோ முன் நின்றார். சைபர் கணக்கில் ஒரு இலக்கம் அப்படி ஏறியது.

இவ்வளவுக்கும் பிறகு, 'மனிதர்கள் பாரபட்சம் காட்டுவார்கள், இயந்திரம் காட்டாது' என்று ஒரு கூட்டம் கிளம்பியது. 1967-ல் அமெரிக்காவில் ஒரு வானொலித் தயாரிப்பாளர் பதினாறு சாம்பியன்களின் விவரத்தைக் கம்ப்யூட்டரில் போட்டு, கற்பனைப் போட்டிகள் நடத்தினார். கம்ப்யூட்டர் என்ன சொல்லிற்று? முகமது அலியை ஜெஃப்ரிஸ் தோற்கடித்தாராம்! எந்த ஜெஃப்ரிஸ்? கறுப்பருக்குக் கதவைச் சாத்திய அதே ஜெஃப்ரிஸ். அலி வழக்குப் போட்டார். பிறகு சமரசமாகி, 1969-ல் அலியையும் மார்சியானோவையும் ஒரு ஸ்டூடியோவில் வைத்துப் படம் எடுத்தார்கள். மார்சியானோ உடம்பை இளைக்க வைத்து, தலைக்குப் பொய்முடி வைத்துக்கொண்டு நடித்தார். படம் வெளிவருவதற்கு முன்பே, பாவம், விமான விபத்தில் இறந்துபோனார். 1970 ஜனவரியில் அமெரிக்கத் தியேட்டர்களில் அலியை மார்சியானோ 13-வது ரவுண்டில் வீழ்த்தினார். ஐரோப்பாவில் காட்டிய படத்தில் அலி ஜெயித்தார்! ஊருக்கு ஒரு முடிவு! இதுதான் பாரபட்சமற்ற இயந்திரத்தின் யோக்கியதை. போடுவதைத்தான் அரைக்கும் மாவு மில். கம்பு போட்டால் கோதுமை வருமா?

அந்தப் படத்தில் அலி ஏன் நடித்தார் என்பதையும் சொல்ல வேண்டும். நிஜச் சண்டைக்கு அவருக்கு அனுமதி இல்லை. 1967 ஏப்ரல் 28-ல் ஹூஸ்டன் நகரில், வியத்நாம் யுத்தத்துக்கான பட்டாளத்தில் சேர மாட்டேன் என்று மறுத்தார். பட்டத்தைப் பிடுங்கினார்கள், லைசென்ஸைப் பிடுங்கினார்கள், ஐந்து வருஷச் சிறை, 10,000 டாலர் அபராதம் என்று தீர்ப்பு. மேல் முறையீட்டில் ஜாமீனில் இருந்தார். 1971 ஜூனில் சுப்ரீம் கோர்ட்டு அந்தத் தண்டனையை ரத்துச் செய்தது. ஆனால் 25 வயதிலிருந்து 28 வயது வரை, ஒரு குத்துச்சண்டை வீரனின் கால்களில் மின்னல் இருக்கும் காலம், மூன்றரை வருஷம் போயிற்று. அதை எந்தக் கோர்ட்டு திருப்பிக் கொடுக்கும்?

திரும்பி வந்தவர் பழைய அலி அல்ல. 1971 மார்ச்சில் ஜோ ஃப்ரேசியரிடம் தோற்றார். 1973-ல் கென் நார்ட்டன் அவருடைய தாடையை உடைத்தார். இருவரையும் பிறகு வென்றார். நார்ட்டனோடு 1976-ல் கிடைத்த தீர்ப்பு சந்தேகத்துக்குரியது என்பதையும் ஒப்புக்கொள்வோம். 1974 அக்டோபர் 30, கின்ஷாசா. எதிரே ஜார்ஜ் ஃபோர்மன்: 25 வயது, 40 சண்டை, 40 வெற்றி, 37 நாக்-அவுட். ஃப்ரேசியரை இரண்டே ரவுண்டில் ஆறு முறை கீழே போட்டவர். நார்ட்டனையும் இரண்டே ரவுண்டில் முடித்தவர். சைபரை வணங்குகிறவர்கள் அன்றைக்கு ஃபோர்மனைத்தான் வணங்கினார்கள். 32 வயது அலி கயிற்றில் சாய்ந்து நின்று, அடியை வாங்கி வாங்கி, அடிக்கிறவனைக் களைக்க வைத்து, எட்டாவது ரவுண்டில் சாய்த்தார். மறுவருஷம் மணிலாவில் ஃப்ரேசியரோடு 14 ரவுண்டு. இருவரில் யார் செத்துப்போவார் என்று பார்த்தவர்கள் நடுங்கிய சண்டை அது.

'இன்றைய ஆட்கள் ஆறடி ஒன்பது அங்குலம், 260 ராத்தல். பழைய ஆட்கள் இவர்கள் முன் எம்மாத்திரம்' என்று ஒரு கட்சி உண்டு. இதில் பாதி நியாயம் இருக்கிறது. டெம்ப்சியும் மார்சியானோவும் 190 ராத்தலுக்குள் இருந்தவர்கள். இன்றைய விதிப்படி 200 ராத்தலுக்குக் கீழே இருப்பவர் குரூசர்வெயிட் என்ற தனிப் பிரிவுக்குப் போக வேண்டும். ஆனால் 2024 மே மாதம் ரியாத் நகரில் என்ன நடந்தது? டைசன் ஃப்யூரியைவிட உயரத்தில் ஆறு அங்குலமும் எடையில் நாற்பது ராத்தல்போலவும் குறைந்த உசிக், அவரை வென்று நான்கு பட்டங்களையும் சேர்த்து எடுத்துக்கொண்டார். தசை மட்டும் சண்டை போடுவதில்லை. அதோடு, வேலை நேரமும் மாறிவிட்டது. ஜான்சனும் வில்லர்டும் 45 ரவுண்டுக்கு ஒப்புக்கொண்டு இறங்கினார்கள். லூயிஸும் அலியும் 15 ரவுண்டுக்காரர்கள். 1982-ல் கிம் டுக்-கூ என்ற கொரிய இளைஞர் 14 ரவுண்டு அடி வாங்கி இறந்த பிறகுதான் பட்டப் போட்டிகள் 12 ரவுண்டாகக் குறைந்தன. குறைத்தது நல்லதே, அந்த மூன்று ரவுண்டுக்காக யாரும் சாக வேண்டியதில்லை. ஆனால் பன்னிரண்டு மணி ஷிப்டில் நின்றவனின் உற்பத்தியையும் எட்டு மணி ஷிப்டில் நிற்பவனின் உற்பத்தியையும் ஒரே ரிஜிஸ்தரில் ஏற்றி, இவன் சோம்பேறி, அவன் சூரன் என்று எழுதுகிற மேஸ்திரியை நமக்குத் தெரியாதா?

'அப்படியானால் ஒப்பிடவே கூடாதா? உங்கள் பட்டியல் எங்கே?' என்று கேட்பார்கள். கூடாது என்று நாம் சொல்லவில்லை. யார் யாரை அடித்துவிடுவார் என்ற ஜோசியம் வேண்டாம் என்கிறோம். தன் காலத்தில் இருந்த வல்லவர்களில் யாரையெல்லாம் எதிர்கொண்டார், யாரை ஒதுக்கினார், விழுந்த பிறகு என்ன செய்தார் என்று கேளுங்கள். அதற்குப் பதில் ஏட்டில் இருக்கிறது.

இந்தக் கணக்கில் நாம் முதலில் வைப்பது அலியை. லிஸ்டன், ஃப்ரேசியர், நார்ட்டன், ஃபோர்மன் என்று தம் காலத்தின் கடினமான ஆள் ஒருவரையும் அவர் தவிர்க்கவில்லை. பாதி இளமையைப் பறிகொடுத்த பிறகும் தவிர்க்கவில்லை. அவருடைய ஐந்து தோல்வியும் நமக்குக் குறையாகப் படவில்லை. அதில் கடைசி இரண்டு, 38 வயதுக்கு மேல் அவரை வளையத்தில் ஏற்றிக் காசு பார்த்தவர்களின் தோல்வி. அடுத்தது லூயிஸ். மூன்றாவது மார்சியானோ, சைபருக்காக அல்ல, கதவைச் சாத்தாததற்காக. ஜான்சனின் திறமைக்கு மூன்றாவது இடம்கூடப் போதாது என்று சொல்வார்கள். ஜெனட்டுக்கும் லாங்க்போர்டுக்கும் பதில் சொல்ல வேண்டியிருப்பதால் நான்காவதில் நிற்கட்டும். ஹோம்ஸ், ஃபோர்மன், ஃப்ரேசியர், லெனக்ஸ் லூயிஸ், உசிக் எல்லோரும் ஆறுக்குக் கீழே. அந்த வரிசையை அவரவர் டீக்கடையில் தீர்த்துக்கொள்ளுங்கள். டெம்ப்சியை வில்ஸ் வந்து கைப்பிடித்து அழைத்து வந்தால் சேர்த்துக்கொள்வோம்.

ஐந்தாவது சாம் லாங்க்போர்டு. பட்டமே வாங்காதவரை எப்படிச் சேர்க்கலாம் என்று குதிப்பார்கள். 'ரிங்' பத்திரிகையை 1922-ல் ஆரம்பித்த நாட் ஃப்ளெய்ஷர், ஆயிரக்கணக்கான சண்டைகளைப் பார்த்த மனிதர், தமது பட்டியலில் லாங்க்போர்டை ஏழாவதாக வைத்தார். மார்சியானோவைப் பத்தாவதாக வைத்தார். நாம் லாங்க்போர்டை இரண்டு படி மேலே ஏற்றியிருக்கிறோம், அவ்வளவுதான்.